நூற்புழு – தொடாதீர்கள்

புழு வளர்ப்பதுதான் என் வேலை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று வருடங்கள் ஆயின. அதுவரை யார் கேட்டாலும் "ஜீன் ஆராய்ச்சிங்க" என்பேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அந்தப் புள்ள கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்குதாமா" என்று அடுத்த வீதிக்குச் செய்தி கொண்டுபோவார்கள். நானும் மறுத்ததில்லை. (மறுக்க எனக்கென்ன பைத்தியமா?) எங்களுக்குக் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழையும் மஞ்சளும் விவசாயம். பரம்பரையாகப் புழுவோடு சண்டை போட்ட குடும்பம். படிக்கவைத்த பெண் கோயமுத்தூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து புழுவுக்குச் சோறு போடுகிறாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

என் புழு பாவம், யாரையும் கெடுக்காது. விவசாயிகள் நூற்புழு என்று சொல்லும் கூட்டத்தில், மண்ணில் அழுகியதைத் தின்று வாழும் உருளைப்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கண்ணாடி உடம்புக்குள் முட்டைகள்கூடத் தெரியும். மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் தட்டில் கடல்பாசிக் கூழை உறையவைத்து, மேலே கொஞ்சம் பாக்டீரியாவைத் தடவிவிட்டால் போதும், தின்றுகொண்டே இருக்கும், பெற்றுக்கொண்டே இருக்கும். அதன் ஜீன்களில் பலவற்றுக்கு நம் உடம்பிலும் பங்காளிகள் உண்டு. ஒரு ஜீனைக் கெடுத்துவிட்டுப் புழு எப்படித் தடுமாறுகிறது என்று பார்த்தால், அந்த ஜீன் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

நான் ஒன்றரை வருடம் கண் வீங்கப் பார்த்ததில் ஒரே ஒரு புழு சிக்கியது. மற்றவையெல்லாம் நெளிந்து நெளிந்து நேராகப் போகும். இது மட்டும் செக்கு மாடு மாதிரி வட்டமாகச் சுற்றியது. அதன் பிள்ளைகள் சுற்றின, பேரன் பேத்திகளும் சுற்றின. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத புழு. என் டாக்டர் பட்டம் முழுக்க அந்த ஒரு வட்டத்துக்குள் இருந்தது.

என் பேராசிரியை பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். நாங்கள் மேடம் என்போம். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் "வா போ" என்பவர், "வாங்க" என்றால் மழை வரும் என்று அர்த்தம், "உக்காருங்க" என்றால் இடி. புழு கிடைத்த அன்றே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கே ஃப்ரீசர்ல போட்டுரு அம்மணி. தட்டுல இருக்கறதை நம்பாதே."

உருளைப்புழுவின் பெரிய வசதி அது. சரியாக உறையவைத்தால் வருடக்கணக்கில் தூங்கும், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நான்கைந்து நாள் முன்னேற்பாடு வேண்டும், குஞ்சுப் பருவத்தில் நிறையப் புழு வேண்டும். நான் நாளைக்குச் செய்யலாம் என்றேன். அந்த நாளை எட்டு மாதம் நீண்டது. இடையில் ஒருநாள் மேடம், "ஃப்ரீசர்ல போட்டாச்சா?" என்று கேட்டபோது, என் நாக்கு என்னைக் கேட்காமலே "போட்டாச்சுங்க மேடம்" என்றது. (நாக்குக்கும் ஒரு ஜீன் இருக்கும். அதைத்தான் முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும்.)

சித்திரை மாதம் அந்தப் பொய்க்கு வட்டி கேட்டது. அக்கா மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. சனிக்கிழமை காலையில் லேபில் புழுக்களை இருபது டிகிரியில் வைத்திருக்கும் பெட்டி செத்துப்போனது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம். கோயமுத்தூர் வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் என் புழு மலடாகிவிடும். மற்றவர்கள் கவலைப்படவில்லை. அவர்கள் புழுவெல்லாம் ஃப்ரீசரில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து லேபில் இடம் கேட்கலாம் என்றால், "ஃப்ரீசர்லதான் இருக்குதே, அப்பறம் எதுக்கு?" என்பார்கள்.

அப்போதுதான் என் மண்டையில் பல்பு எரிந்தது. ஊரில் அப்பா அம்மா அறைக்குப் புது ஏசி வாங்கியிருந்தார்கள். சுற்றும் புழு இருந்த மூன்று தட்டுகளையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டோடு அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னங்க அம்மணி, ஐஸ்கிரீமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"மருந்துங்க" என்றேன். பொய் சொல்வது அதற்குள் பழகியிருந்தது.

வீட்டில் ஏசியை இருபதில் வைத்து, பெட்டியை மேசைமேல் வைத்தேன். விசேஷ வீடு. சேலை மாற்ற வருபவர்கள், சித்த நேரம் சாய வருபவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். யாரும் தொடக் கூடாதே! நன்றாக யோசித்து, ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் "நூற்புழு – தொடாதீர்கள்" என்று எழுதி மூடியில் ஒட்டினேன். பயந்துபோய்ப் பத்தடி தள்ளி நிற்பார்கள் என்பது என் புத்திசாலித்தனம்.

எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் என் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கதலி வாழைத் தோப்பு முழுக்க வேரில் முடிச்சு விழுந்து சாய்ந்தது. காரணம் நூற்புழு. அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்.

ஞாயிறு காலை நான் அக்காவோடு கோயிலுக்கு முன்னால் போய்விட்டேன். ஆளில்லாத அறையில் ஏசி ஓடுகிறதே என்று நிறுத்தப் போன அப்பா, மூடியைப் படித்தார்.

காது குத்தி, பந்தி முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஏசி நின்றிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு தட்டும் இல்லை. பின்கட்டில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்பா, பெட்டியில இருந்தது எங்கீங்கப்பா?"

"எல்லாந் தெரியும் கண்ணு." அப்பா குரலைத் தாழ்த்தினார். "நம்ம தோட்டத்துல மறுக்காப் புழு வந்துருச்சு. விசேச நாளும் அதுவுமா அப்பன் மனசு நோகுமேன்னு மறைச்சு வெச்சிருக்கறே. நீ ஒண்ணும் வெசனப்படாதே. சமையக்காரர் அண்டாவுல தண்ணி தளதளன்னு கொதிச்சுது. ரெண்டு தட்ட அதுல போட்டு எடுத்து, வேப்பம் புண்ணாக்கு வெச்சுக் குழியில மூடிப்போட்டேன். ஒரு தட்ட மட்டும்..."

"பேசாதீங்கப்பா!"

பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். ஒன்றரை வருடத் தேடலையும் எட்டு மாதச் சோம்பலையும் சேர்த்து அழுதேன். அப்பா ஈரக் கையோடு நின்றார். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மூக்குத்தி தொலைஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்று ஒரு பெரியம்மா காரணமும் கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸில் கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்.

மேடத்திடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ மூன்று வாரம் நடித்தேன். சாதாரணப் புழுவை மைக்ராஸ்கோப்பில் வைத்து "அட, என்னமாச் சுத்துது!" என்று வியந்தேன். நோட்டில் எதுவும் எழுதாமல் பேனாவை மட்டும் ஆட்டினேன். அப்பா போன் செய்தார். "ஏங் கண்ணு, கோயமுத்தூர்ல அந்த ஆபீஸ்ல இருந்து..." என்று ஆரம்பிப்பார். "வேலையா இருக்கேனுங்கப்பா" என்று வைத்துவிடுவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

ஒரு புதன்கிழமை மேடம் கூப்பிட்டார்.

"வாங்க. உக்காருங்க."

மழையும் இடியும் ஒன்றாக வந்துவிட்டன.

"ஏனுங்க, உங்க சுத்தற புழு சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க மேடம்."

"ஃப்ரீசர்லயும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எத்தனை டியூபுங்க?"

"இருபதுங்க." (பத்து என்றால் குறைவாக இருக்குமே என்று தோன்றியது.)

மேடம் டிராயரைத் திறந்து, வாழை நாரால் கட்டிய பாலிதீன் பை ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே என் தட்டு. அடியில் மார்க்கரில் எங்கள் லேப் பெயரும் என் பெயரும். கூடவே ஒரு படிவம். அப்பாவின் கையெழுத்து.

எந்தப் புழு பூச்சி வந்தாலும் எங்கள் ஊர் விவசாயிகள் எல்லாவற்றையும் அழித்துவிடமாட்டார்கள். கொஞ்சம் சாம்பிள் எடுத்து வைத்து, பரிசோதனை ஆபீஸில் காட்டி, என்ன ஏது என்று தெரிந்துகொள்வார்கள். காதுகுத்துக்கு மறுநாள், முதல் பஸ்ஸில் அப்பா கோயமுத்தூர் வந்து அந்தத் தட்டைக் கொடுத்திருக்கிறார். நான் கோபமாக இருக்கிறேன் என்று, பக்கத்திலேயே இருந்த என்னைப் பார்க்காமலே ஊர் திரும்பியிருக்கிறார். சாம்பிள் வரிசையில் மூன்று வாரம் கிடந்தது. கடைசியில் பார்த்த அதிகாரி, இது வேரைத் துளைக்கிற ஜாதியே இல்லையே என்று குழம்பி, தட்டின் அடியைப் படித்து மேடத்துக்குப் போன் செய்திருக்கிறார்.

படிவத்தைப் படித்தேன். "பாதிக்கப்பட்ட பயிர்: தெரியவில்லை. கண்டுபிடித்தவர்: என் மகள். இதர விவரம்: மகள் மிகவும் அழுதுவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் பார்த்துச் சொல்லவும்."

நான் மேடத்தின் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன். உண்மை முழுக்கக் கொட்டிவிட்டேன்.

"அழுகறதை அப்பறம் வெச்சுக்கலாங்க" என்றார் மேடம். "மொதல்ல இதைப் புதுத் தட்டுக்கு மாத்துங்க."

"மூணு வாரம் பட்டினிங்க மேடம். எல்லாம் செத்திருக்குமுங்க."

"உங்க புழுவைப் பத்தி உங்களுக்கே தெரியலைன்னா எப்படீங்க?"

பயத்தில் எனக்குப் பாடமே மறந்திருந்தது. சோறு தீர்ந்து கூட்டம் கூடிவிட்டால், இந்தப் புழுவின் குஞ்சுகள் வாயை மூடிக்கொள்ளும். தோலைத் தடித்துக்கொண்டு, வளராமல், வெயிலையும் தாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். நல்ல காலம் வந்தால் விட்ட இடத்திலிருந்து வளரும். காய்ந்த கூழில் ஒரு துண்டு வெட்டிப் புதுத் தட்டில் வைத்தேன். மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், ஒன்று சுற்றுகிறது! பக்கத்தில் இன்னொன்று சுற்றுகிறது! நானும் ஸ்டூலோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த வாரமே ஃப்ரீசரில் முப்பது டியூப் ஏறியது. மேடம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி "வா போ" என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அது நம்ம தோட்டத்துப் புழு இல்லீங்க. நான் வளத்தற புழுங்க. அதுதானுங்கப்பா என்ற வேலையே."



"எத்தன வருசமா?"

"மூணு வருசமாங்க."

"அட கெரகமே!" என்றார் அப்பா. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். ஆடு வாங்கியவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டார்: "சரி, தீனி என்ன போடறே?"

தீனியோடு சேர்த்து ஃப்ரீசர் பொய்யையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னை நம்பி எதுவும் நடப்பதில்லை. அம்மா அதிரசம் கொடுத்தனுப்பினால், "ரெண்டு எடுத்து வெய்யுங்க, சாம்பிளுக்கு" என்பார் அக்கா. நான் மூடியில் ஒட்டிய தாள் இப்போது முறுக்கு டப்பாமேல் ஒட்டியிருக்கிறது. காது குத்திக்கொண்ட பொடியன் ஒருவன்தான் அதற்குப் பயப்படுவதில்லை.

போன வருடம் ஆய்வேட்டை முடித்து, தடி அட்டை போட்ட பிரதி ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வட்டமாகச் சுற்றும் புழுவின் படத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வெளியே போனவர், சாயங்காலம் ஒரு பெரிய கட்டோடு திரும்பினார். கோபியில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் விடாமல் முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்து, வாழை நாரால் கட்டியிருந்தார்.

"எதுக்குங்கப்பா? கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களே."

அப்பா பீரோவைத் திறந்து, நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பூட்டினார்.

"நீ அப்படித்தாஞ் சொல்லுவே கண்ணு" என்றார்.