கொப்பரைக்கு வழங்கப்பட்ட அனுமதி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெல்லிங்போர்ட் என்றொரு ஊர். வயது முந்நூற்று எழுபது. ஆனால் அதன் வரலாறு முப்பது வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்காக எடுத்த ஒரு சூனியக்காரிப் படத்தின் ஆறு வாரப் படப்பிடிப்பில்தான் தொடங்குகிறது என்பது நகரப் பாரம்பரியக் குழு ஏகமனதாக எட்டிய முடிவு. 1680-ல் கட்டிய கூட்ட மண்டபம் படத்தில் ஒரு காட்சியிலும் வராத குற்றத்துக்காக இடிக்கப்பட்டு, படத்தில் வந்த இடங்களைப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் நிற்கும் மைதானமாகப் பதவி உயர்வு பெற்றது.

தபால் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற லீடா பேன்கிராஃப்டின் வீடுதான் படத்தில் சூனியக்காரியின் வீடு. அக்டோபர் பிறந்தால் சூனியக்காரி மாதிரி கூர்த்தொப்பி போட்ட கூட்டம் வாசலில் மொய்க்கும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, நீங்க படத்துல இல்ல" என்று அவளிடமே சொல்வார்கள். அவளும் தள்ளி நின்று பழகிவிட்டாள்.

அவள் கணவர் ஓரினுக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலியில் உட்காரலாம், ஆனால் வாசலில் மூன்று படி. நாற்பது வருஷம் மீன்பிடிப் படகு ஓட்டிய மனிதர், அடுத்த தெருவில் இருக்கும் கடலைப் பார்த்து மூன்று மாதமாயிற்று. படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்ட அனுமதி கேட்டு லீடா விண்ணப்பித்தாள்.

குழுத் தலைவர் ஹாப்குட் இரக்க சுபாவம் உள்ளவர். விண்ணப்பத்தைப் படித்துக் கண்கலங்கினார். பிறகு நிராகரித்தார்.

"சூனியக்காரி அந்தப் படியிலதாம்மா இறங்கி வருவா. மூணு படி, எண்ணிப் பாருங்க."

"என் புருஷனால இறங்க முடியலியே சார்."

"அவர் படத்துல இறங்கலியே."

"துடைப்பத்துல பறக்கறவளுக்கு எதுக்கு சார் படி?"

ஹாப்குட் கேள்வியைக் குறித்துக்கொண்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. சூனியக்காரி பறக்கத் தொடங்குவது இரண்டாம் பாதியில்தான், ஆகவே முதல் பாதிக்குப் படி இன்றியமையாதது என்று பதினான்கு பக்க அறிக்கை வந்தது.

அதுவரை அந்தப் படத்தைப் பார்த்தே இராத லீடா, உட்கார்ந்து பார்த்தாள். ஏழாவது தடவை பார்க்கும்போது, நாற்பத்தோராவது நிமிஷத்தில், படிமேல் ஒரு பலகையைச் சாத்தி, சூனியக்காரி மருந்து காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரையை உருட்டி இறக்குவது கண்ணில் பட்டது. நான்கே நொடி. அதை ஆதாரமாக வைத்து மறுபடி விண்ணப்பித்தாள்.

படத்தையே மறுக்கும் துணிச்சல் குழுவுக்கு இல்லை. பலகை சாத்திக்கொள்ளலாம், ஆனால் அதன் வழியே கொப்பரை மட்டுமே இறங்கலாம் என்று உத்தரவு வந்தது.

லீடா அட்டையும் கறுப்புச் சாயமும் வாங்கினாள். சக்கர நாற்காலியைச் சுற்றி ஒரு கொப்பரை எழும்பியது. ஓரின் உள்ளே உட்கார்ந்து, இது மானக்கேடு என்று குழறினார். கடல் வேண்டுமா மானம் வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்டோபர் மூன்றாம் தேதி காலை கொப்பரை இறங்கியது. கரைக்குப் போனதும் ஓரின் தலையை நீட்டி, ஏறியிருந்த கடல்நீர் கரையை விட்டு இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பாதி சிரித்தது. பின்னால் அறுபது கூர்த்தொப்பிகள் பயபக்தியோடு வரிசையில் நின்றன.

கொப்பரை சிரித்தது என்று ஒஹையோவிலிருந்து வந்த ஒருவர் புகார் கொடுத்தார். கொப்பரை இனி சிரிக்கக் கூடாது, தினமும் பத்து முதல் நாலு வரை பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும், மருத்துவரிடம் போவதானால் விடுப்புக்கு எழுதித் தர வேண்டும் என்று குழு உத்தரவிட்டது.

லீடா சண்டைக்குப் போனாள். ஹாப்குட் அவளுக்கு நாற்காலி போட்டார். எவர் கண்ணிலும் படாத பலகையைக் கண்டுபிடித்த அறிஞர் என்ற முறையில், குழுவில் காலியாயிருந்த உறுப்பினர் பதவியை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். உறுப்பினர் வீட்டுக் கொப்பரைக்கு எந்த நிபந்தனையும் கிடையாதாம். ஓரினை நினைத்து அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு ரூபன் ஸ்டைல்ஸ் வந்திருந்தான். பட்டுப்போன மேப்பிள் மரம் குழந்தை தூங்கும் அறைமேல் சாய்கிறது, வெட்ட அனுமதி வேண்டும் என்றான். ஹாப்குட் லீடாவைப் பார்த்தார். லீடா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினாள்.

"இருபத்திமூணாவது நிமிஷத்துல அந்த மரத்துல ஒரு காக்கா வந்து உக்காருது, ரூபன்," என்றாள். "நீ வெட்டிட்டா அது எங்க போகும்?"