ஆறு பிள்ளைகளின் டப்பாக்கள்

இந்திய அறிவியலின் தலையாய சாதனை, 2009-ல் கடலூர் கைக்குழந்தைகளின் மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பியதுதான். அதைச் செய்தவன் அடியேன். பதவி: கள உதவியாளர், தற்காலிகம்.

போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். சொட்டு போட்ட பிள்ளையின் மலத்தில் அது சில வாரம் வெளியேறும். போகப் போக மரபணுவும் கொஞ்சம் மாறும். இதைக் கண்காணிக்க ஆறு பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு நாலு வாரம், வாரம் ஒரு டப்பா.

ஐந்து வீடுகளில் "அறிவியல் மனப்பான்மை" இல்லை. பண்ருட்டியில் ஒரு மாமியார் துடைப்பத்தோடு வந்தார். முதுநகர் புஷ்பவள்ளி மட்டும், "வாங்க சார், இப்பதான் போச்சு" என்று வரவேற்பார். எனவே, நிர்வாக வசதி கருதி, அவர் மகள் சிந்துஜாவிடமே ஆறு மாதமும் டப்பாவை நிரப்பினேன். முதல் மாதம் அவள் பேர்; பிறகு மாதத்துக்கு ஒரு பேர் ஒட்டினேன்.

"அஞ்சு மாசமா எடுக்கறீங்களே சார், புள்ளைக்கு எதனா இருக்குதா? காய்ச்சல் வுடவே மாட்டுது."

"ஆராய்ச்சிம்மா. நல்லதுக்குத்தான்."

எல்லா டப்பாவிலும் வைரஸ் இருந்தது. ஒரு பிள்ளை விட்ட இடத்திலிருந்து அடுத்த பிள்ளை தொடர்ந்ததுபோல் மரபணு மாறியிருந்தது. சிதம்பரம் கருத்தரங்கில் எங்கள் அலுவலர் வைத்திலிங்கம் இதற்குக் "கடலூர் ஒழுங்கு" என்று பெயர் சூட்டினார். ஒரே கைதட்டல்.

அறிவுமதி என்ற இளம் பெண் டாக்டர் மட்டும் எழுந்தார். "சார், இது ஆறு புள்ளைங்களா, ஒரே புள்ளையா? ஒரே புள்ளைன்னா அதுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லைன்னு அர்த்தம். உடனே வைத்தியம் பாக்கணும். இல்லைன்னா தங்காது."

வைத்திலிங்கம் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா?"

என் வேலை தற்காலிகம். "ஆறு பேர்தான் சார். ரெக்கார்டு இருக்குது."

"ரெக்கார்டு இருக்குதாம்மா. சாப்புட வாங்க."

அடுத்த வாரம் சிந்துஜாவுக்கு மூச்சு வாங்கியது. புஷ்பவள்ளி அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கலாமா என்று யோசித்த அங்கிருந்த டாக்டர், எங்கள் கோப்பை வரவழைத்துப் பார்த்தார். சிந்துஜா, நாலு வாரம் மட்டுமே வைரஸ், இயல்பு. சோதனை வேண்டாமென்று மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

பதினோராம் நாள் பிள்ளை இறந்தது.

எனக்குச் "சிறந்த களப்பணியாளர்" சான்றிதழ் கொடுத்தார்கள். ரெக்கார்டின்படி இன்றைக்கும் ஆறு பிள்ளைகளும் நலம். கையெழுத்து என்னுடையது.