சிலிப்பர் அக்கா மெயின் சுவிட்சை இறக்கிய மதியம்

செனாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் மின்னல்கூட சிலிப்பர் அக்காவிடம் பெர்மிட் வாங்கிக்கொண்டுதான் இறங்கும். நம்பாதவர்கள் ஒரு முறை அவர் முன்னால் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுப் பார்க்கலாம். அவர் கத்துகிற கத்தில் காது இரண்டும் போய்விடும்.

அக்கா ஒரு பேக்டரியில் வயர்மேன். பெண்ணை எப்படி வயர்மேன் என்பது என்று கேட்காதீர்கள். லைசென்சில் அப்படித்தான் அடித்திருக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் ரப்பர் சிலிப்பரோடு நேராக ஹாலுக்குள் நடப்பார். அப்புறம் மெயின் சுவிட்சை இறக்குவார். ஒரு பிறந்தநாள் வீட்டில், ஸ்பீக்கர் வயர் சூடாயிருக்கிறது என்று மொத்த வீட்டையும் இருட்டாக்கிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிம்மதியாகக் கேக் சாப்பிட்டாராம்.

இப்பேர்ப்பட்டவரை, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கா கூப்பிடுவது? அம்மா கூப்பிட்டார். வேறு வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் குளுவாங்கிலிருந்து கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டு போர்டிலோ, கோளாறு என்றால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைத் தூக்கத் தூக்க டப்பென்று விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நானே பார்த்து வைத்தவர்தான். அவருடைய அம்மாவுக்குத்தான் என்மேல் பாதி மனசு. இன்றைக்குச் சொதப்பினால் அந்தப் பாதியும் போச்சு.

"ட்ரிப்ப விட்டுட்டு டைரக்ட் கொடுத்துடலாம். ஒரு மணி நேரந்தானே!" என்றார் அப்பா, கையில் ஸ்குரூடிரைவரோடு.

அக்கா போர்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "அலமாக்! அண்ணே, அது ஏன் விழுதுன்னு கேக்காம அதோட வாய அடைக்கிறீங்களா? எங்கயோ கரண்டு ஒழுகுது. எல்லா பிளக்கையும் புடுங்குங்க. எல்லாரும் சிலிப்பர் போடுங்க!"

சாமி மேடை இருக்கிற ஹாலில் செருப்பா என்று அம்மாவுக்கு உயிரே போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, முறையாகச் செருப்பைக் கழற்றப் போனார்கள்.

"கழட்டாதீங்க! போட்டுட்டே வாங்க லா!" என்று அக்கா உள்ளேயிருந்து அதட்டினார்.

பட்டுப் புடவையில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, செருப்புக் காலோடு சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஃபேன் இல்லாமல் வியர்க்க வியர்க்க உட்கார்ந்தார். நான் ரூமுக்குள் பழைய நைட்டியில், தலை நிறைய எண்ணெயோடு இருந்தேன். இன்னும் குளிக்கவில்லை. முடிந்தது கதை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாலில் விசாரணை தொடங்கியது. அக்கா ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். பிரிட்ஜைப் போட்டார்கள், ட்ரிப் விழவில்லை. "நல்ல புள்ள," என்றார். ரைஸ் குக்கரைப் போட்டார்கள், விழவில்லை. "நீயும் போ!" வாஷிங் மெஷினை மட்டும் போட்ட பிறகும் வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாத்ரூம் ஹீட்டர்தாம்மா பாக்கி. அத அப்பறம் பாத்துக்கலாமே," என்று அம்மா கெஞ்சினார்.

"அத மட்டும் எதுக்கு விடணும்? போடுங்க."

டப்!

அக்கா மெயினை இறக்கி, டெஸ்டரை வைத்துக் கரண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஹீட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே குழாய் விட்டுப்போய், வயர்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்குரூடிரைவரைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் டைரக்ட் கொடுத்திருந்தால், அடுத்த நிமிடம் அதன் கீழே நின்று குளித்திருக்க வேண்டியவள் நான்.

அக்கா இப்போது கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். கத்தவில்லை. சத்தம் கேட்டுக் கதவோரம் வந்து நின்ற என்னையே பார்த்தார்.

"நீ இன்னும் குளிக்கலதானே பாப்பா?" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"இல்லக்கா."

எண்ணெய்த் தலை என்றும் பாராமல் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "கேஸ் அடுப்பு எங்க இருக்கு? என் மருமக குளிக்க நான் தண்ணி காய வைக்கிறேன்."

மருமக என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன். ஓடிப்போய் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் கை இன்னும் என் எண்ணெய்த் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது; அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வரவில்லை.