மெழுகு பாயும் மதாமின் வெள்ளைப் பூனையும்

கறை படிந்த சட்டையைக் கண்டால் பரவசப்படும் மனிதர் புதுச்சேரியிலேயே ஒருவர்தான்: முத்தியால்பேட்டை மெழுகு பாய். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து நீலச் சாயத்தில் முக்குவார். மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அவருடைய தாடி நுனிகூட நீலம்தான்.

டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலம். பாய் ஒன்று வாங்கினார். ஊர் நிம்மதி போயிற்று. துருப்பிடித்த கேட், மீன் செதில், எதையும் விடவில்லை. பேருந்தில் ஏறப்போன ஒருவரை மறித்தே விட்டார்.

"அண்ணே, முதுகுல வேர்வை என்னா டிசைனு! அசையாதீங்க!"

"யோவ், பஸ்சு போவுதுய்யா!"

"பஸ்சு நாளைக்கும் வரும்ணே. வேர்வை காஞ்சிடும்!"

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். லாஸ்பேட்டை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததால் அவருக்குக் கூட்டாளியானேன். 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தருவேன். அதன்மேல் துணியை விரித்து, கறுப்பு தெரியும் இடத்தில் அவர் மெழுகு பூசுவார். ஆகவே வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் நான் மாற்றித் தர வேண்டும். என் வேலை அந்த ஒரே ஒரு சொடுக்கு.

கடற்கரைப் பக்கம் விடுதி நடத்திய பிரெஞ்சு மதாம், தன் வெள்ளைப் பூனையைத் திரைச்சீலையில் கேட்டார். பிடித்தால் விடுதி முழுக்கப் பாயின் துணிதான். பிடிக்காவிட்டால் பாய் தன் மச்சானின் லுங்கிக் கடையில் போய் உட்கார வேண்டும்; வீட்டில் கெடு வைத்திருந்தார்கள்.

நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது பாய் போன் செய்தார். "முசியே, தாள்ல பூனை வெள்ளையா இருக்கே, சரியா?"

"வெள்ளைப் பூனை வேற எப்படிய்யா இருக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

மதாம் முன்னால் திரை விரிந்தது. வெள்ளை வெளியில் கருநீலப் பூதம் ஒன்று மீசையோடு முறைத்தது.

"என் பூனையை எரிச்சிட்டீங்களா?" என்றார் மதாம், நல்ல தமிழில்.

பாய் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "மெழுகு சூடு பத்தலை போல" என்றேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு விடையைச் சரிபார்க்கச் சொன்ன வாய் அது.

"ஆமா மதாம், நான்தான் கவனிக்கல" என்றார் பாய்.

மறுமாதம் அவர் லுங்கிக் கடையில் இருந்தார். அந்தத் தெருவையே நான் தவிர்த்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் துணிச்சல் வந்தது. போய், "தப்பு என்னுது பாய். மாத்த மறந்துட்டேன். தெரிஞ்சே பொய் சொன்னேன்" என்றேன்.

லுங்கியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு மதாம் முன்னாடியே எனக்குத் தெரியும் முசியே. உங்களைக் காட்டிக்குடுத்திருந்தா, அப்புறம் என் மூஞ்சில முழிப்பீங்களா? அப்படியும் ஒரு வருசம் வரலியே!"

மறுநாளிலிருந்து தினமும் போனேன். கடைசிவரை ஒரு லுங்கி வாங்கியதில்லை. அவரும் ஒருநாள்கூட என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.