தொண்டைக்கு, இரண்டு ஸ்பூன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நீ அனுப்பிய பாட்டில் வந்த பிறகு அப்படி எழுதினால் பொய்.

நீ கப்பலில் சமையல்காரன். ஊர் ஊராய்ப் போகிறாய், கண்டதையும் வாங்குகிறாய். அதற்காக, அரசாங்க ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து, குடிக்காதீர்கள் என்று தெருவுக்கே புத்தி சொன்ன எனக்கா தேன் கலந்த விஸ்கி? போதாததற்கு அதைச் சாப்பிடும் வழிகள் என்று ஒரு சீட்டு வேறு. ஐஸ்கட்டி மேல் ஊற்றலாம், காப்பியில் ஒரு மூடி விடலாம், எலுமிச்சையும் வெந்நீரும் சேர்க்கலாம், ஐஸ்கிரீம் மேல் வழிய விடலாம். உனக்கு வெட்கமாக இல்லை?

கொட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சொட்டு மருந்தைக்கூட வீணாக்கிப் பழகாத கை இது. பழைய மருந்து பாட்டிலில் ஊற்றி, பக்கத்தில் வேளைக்கு ஒரு பல் என்று பல் பல்லாக வெட்டிய அளவுக் காகிதம் ஒட்டி, யாராவது பார்த்தால் மானம் போகுமே என்று 'தொண்டைக்கு, இரண்டு ஸ்பூன்' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். உன் அக்காவிடம் கொட்டிவிட்டதாகச் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை. கீழ் வீட்டில் என் அண்ணன் இருமுகிறாரே, அவருக்கும் எனக்கும் மாடிப்படிக்கு அடியில் யார் சைக்கிளை வைப்பது என்ற தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் அக்காவும் அண்ணியும் கொல்லைப்பக்கம் தினமும் பேசுகிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என்னைக் கேட்காமல் உன் அக்கா அந்த மருந்தை வெந்நீரில் கலந்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு அண்ணன் தானே படியேறி வந்து, என் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, "டேய், அந்த மருந்து இன்னும் இருக்கா?" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நான், புத்திகெட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுத் தொலைத்தேன். அப்புறம் தினமும் நாலு மணிக்கு ஆஜர். மேஜையில் கிடந்த உன் சீட்டைப் படித்துவிட்டு, டாக்டர் ரொம்ப விவரமாக எழுதியிருக்கிறார் என்று பாராட்டு வேறு. அது என்னவென்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நாலு வழியையும் ஒவ்வொன்றாக முடித்தார். ஐஸ்கிரீம் அன்று அண்ணியும் வந்தாள். கொடுக்கிற மருந்தை ருசி பார்ப்பது கம்பவுண்டர் தர்மம் என்பதால் நானும் ஒரு மூடி, சரி, இரண்டு. அன்றைக்குத்தான் அவர் மெதுவாக, "சைக்கிளை நீயே வெச்சுக்கோடா, எனக்கு முழங்கால் போச்சு, நான் எங்க ஓட்டப்போறேன்" என்றார். நான் அவருக்கு இன்னொரு மூடி ஊற்றினேன்.

ஒன்பது வருஷம் கட்டிக்காத்த கோபமடா அது! அந்தச் சைக்கிளுக்காக மனு எழுதி எழுதி ஒரு பெட்டியே நிரம்பிக் கிடக்கிறது. எட்டு நாளில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டாய். இனி என் வீட்டுக்கு எந்தப் பாட்டிலும் வரக் கூடாது. வந்தால் உறவே கிடையாது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். நீயும் நன்றாயிரு; வேறென்ன சொல்ல.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. பாட்டில் காலி. அண்ணனுக்கு இருமலும் நின்றுவிட்டது. நாலு நாளாக மாடிக்கு வரவில்லை. நீங்களே போய்க் கூப்பிடுங்களேன் என்கிறாள் உன் அக்கா. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெரிய பாட்டிலாக இரண்டு அனுப்பு. அது வந்து சேரும்வரை, தினமும் நாலு மணிக்கு மாடிப்படியில் நின்று நானே இருமிக்கொண்டிருக்கிறேன்.