தண்ணீர் சிந்தாத சாலை

தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரை மாற்றியாக வேண்டும் என்பதில் இந்த நாட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. உங்கள் காராக இருந்தால் காலையில் என் ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போகலாம். அரசாங்கக் காராக இருந்தால் பதினான்கு மாதம் பிடிக்கும். அதைத் தாமதம் என்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. அதற்குப் பெயர் பரிசீலனை.

நான் மைதீன் பிச்சை. ராஜபாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். பாதி ஆயுசு பழைய கார்களுக்கு அடியில் படுத்தே போய்விட்டது. அதனால் மேலே நடக்கிற விஷயங்கள் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிராமச் சாலைத் தகுதி ஆய்வுப் பிரிவு என்று ஓர் ஆபீஸ். அங்கே ஒரே ஒரு கார், வயது இருபத்திரண்டு. ரோடு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதற்கென்று ஒரு மிஷின் வந்து இறங்கியது உண்மைதான். பெட்டியைப் பிரிக்கும் அதிகாரம் யாருக்கு என்று முடிவாகாததால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. டீ தம்ளர் வைக்க வாட்டமான உயரம் என்று கேள்வி. மிஷின் வெளியே வரும்வரை தற்காலிகமாக ஒரு முறை வகுத்தார்கள். அதிகாரி பின் சீட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் முக்கால் தம்ளர் தண்ணீரை ஏந்திக்கொள்வார். வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். தண்ணீர் சிந்தினால் ரோடு 'தகுதியற்றது'. சிந்தாவிட்டால் 'தகுதியுடையது'. இந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்கு இப்போது பத்தொன்பது வயது.

காரின் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போனபோது நிர்வாகத்துக்கு ஒரு சோதனை வந்தது. போகிற ரோடெல்லாம் தகுதியற்றதாகிவிட்டது. புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்துக்காக, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் புதிதாகப் போட்ட ரோடு, தோசைக்கல் மாதிரி கிடந்தது. அதிலும் அதிகாரியின் வேட்டி நனைந்தது. கடைசியில் ஆபீஸ் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தபோதே தண்ணீர் சிந்தி, அந்த வாசலும் தகுதியற்றது என்று பைலில் ஏறியது. டிரைவர் சிவபாண்டி டேஷ்போர்டில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பான்.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நன்மையும் நடந்தது. என் மகள் ஃபஸீலாவைக் கட்டிக்கொடுத்தது நத்தக்காட்டில். தளவாய்புரத்தில் இறங்கி மேற்கே நாலு கிலோமீட்டர். அது ரோடு இல்லை, குழிகளுக்கு நடுவே ஆங்காங்கே மிச்சமிருக்கும் தார். ஆறு வருஷமாக மனு கொடுத்தும் அசையாத ஆபீஸ், இந்தச் செத்த ஷாக் அப்சார்பர் புண்ணியத்தில் அதையும் தகுதியற்றது என்று எழுதியது. புது ரோடு போட உத்தரவு வந்துவிட்டது. ஃபஸீலாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. மறுபடி உண்டாகி இப்போது ரெண்டு மாசம். இந்தத் தடவை வண்டியில் குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ரோடு உத்தரவைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துப் புது அதிகாரி வந்தார். பெயர் பொன்னுராஜ். முதல் நாளே பேண்ட் நனைந்ததில் அவருக்கு உண்மை துலங்கிவிட்டது. புது ரோடு போட்ட கான்ட்ராக்டர்களும் வரிசையில் வந்து புலம்பினார்கள். உதவியாளர் பியூலா மேடம் மட்டும், அந்த மிஷின் பெட்டியைப் பிரித்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டார். அது கொள்கை முடிவு, அவசரப்படக்கூடாது என்றார் அதிகாரி. ஆகவே காரைத் திருத்துவது என்று தீர்மானமானது. தணிக்கைக்காரர் மொக்கைச்சாமியையும் சேர்த்து மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

மூன்று கடைகளின் கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. வேலை செய்யப்போகிற கடைக்காரனே மூன்றையும் எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பெயரில் ஒன்று, என் மச்சினன் கடையின் பெயரில் ஒன்று, மூடி எட்டு வருஷமான ஒரு கடையின் பெயரில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று பேனா. முதலாவதில் ஆயில் ஷாக், இரண்டாவதில் கேஸ் ஷாக், மூன்றாவதில் திருகு வைத்த ஷாக். திருகை ஒன்றில் வைத்தால் மெத்தென்று இருக்கும், எட்டில் வைத்தால் கட்டை. குழு ஐந்து மாதம் அமர்ந்து என் மூன்று கையெழுத்துகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. மூடிப்போன கடைக்காரர் தொழில் அறிவு மிக்கவர் என்று மொக்கைச்சாமி குறிப்பு எழுதினாராம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரியின் மகன் ராம்கி சென்னையில் படிக்கிறான். அவன் யூடியூபில் பார்த்துவிட்டு, இன்றைக்குத் திருகு இல்லாத ஷாக்கை எவனும் மாட்டுவதில்லை என்று போனில் சொல்லிவிட்டான். அத்தோடு குழுவின் ஆராய்ச்சி முடிந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"பாய், இந்தத் திருகை ஒண்ணுல வச்சா ரோடு நல்லாயிருமா?" என்று கேட்டார் பொன்னுராஜ்.

"ரோடு ஆகாது சார். வண்டிக்குள்ள அப்படித் தெரியும்."

"ஆபீஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார், ரொம்பப் பொறுமையாக.

வெளியே வரும்போது பியூலா மேடம் காதோடு சொன்னார், புது ஷாக் மாட்டினதும் பழைய ஷாக்கில் எடுத்த அறிக்கையெல்லாம் ரத்து, எல்லா ரோட்டையும் மறுபடி பார்ப்பார்கள் என்று. நத்தக்காட்டு உத்தரவும் அதில் போகுமே. மாட்டமாட்டேன் என்று சொன்னால் வேறொருவன் மாட்டுவான். நானே மாட்டினால் திருகு என் கையில். அல்லாஹ் மன்னிக்கட்டும், நத்தக்காடு போகிற அன்றைக்கு நாலு திருகையும் எட்டில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எட்டில் வைத்தால் ஒரு கடலைமேல் ஏறினாலும் தண்ணீர் சிந்தும்.

புதன்கிழமை நத்தக்காடு. காலையிலேயே நாலு திருகையும் எட்டில் வைத்தாயிற்று. புது ஷாக்கின் செயல்பாட்டைக் கவனிக்கிறேன் என்று சொல்லி நானும் முன் சீட்டில் தொற்றிக்கொண்டேன். முந்தின நாளே மருமகன் நிஜாமுக்குப் போன் போட்டு, "மாப்ள, நாளைக்கு ஆபீசர் வாராரு. நல்லபடியாக் கவனிங்க, அவர் மனசு கோணக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். நான் நினைத்தது ரெண்டு இளநீரை.

தளவாய்புரம் தாண்டி வண்டி மேற்கே திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு குலுங்கலுக்குத் தயாரானேன். குலுங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். குழி ஒன்றுகூட இல்லை. ஓடை மண்ணை அள்ளிப்போட்டு, டிராக்டரை ஏற்றி நசுக்கி, புழுதி பறக்காமல் தண்ணீர் தெளித்து, நாலு கிலோமீட்டரும் மொசைக் தரை மாதிரி வைத்திருந்தார்கள். ஓரமாக ஊரே நின்று கும்பிட்டது. நிஜாம் தலையெல்லாம் மண்ணாக, கையில் மம்பட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். சிந்தித் தொலை, சிந்தித் தொலை என்று நான் மனசுக்குள் அந்தத் தம்ளரைக் கெஞ்சிக்கொண்டே போனேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இறங்கியதும் நிஜாமை ஓரங்கட்டி, மாப்ள, என்ன காரியம் பண்ணீங்க என்றேன்.

"ஒரு பெரிய அதிகாரி நம்ம ஊருக்கு வாராக. குலுங்கிக் குலுங்கியா வரணும்? நம்ம ஊரப் பத்தி அவிய என்ன நெனைப்பாக மாமா? நீங்கதான கவனிக்கச் சொன்னீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கத்தை விட்டு அதிகாரியிடமே போய், "சார், இது நேத்துப் போட்ட மண்ணு. ஒரு மழைக்குத் தாங்காது" என்றேன்.

"மண்ணு எப்பப் போட்டதுங்கிறது ஆய்வு வரம்புல வராது பாய். தண்ணி சிந்துச்சா, இல்லையா?"

"சிந்தல சார்."

"அதை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தொழில்நுட்ப சாட்சி."

போட்டேன். அரசாங்கத் தாளை நீட்டினால் கை தானாக எழுதிவிடுகிறது. புது ரோடு உத்தரவு ரத்தானது. அடுத்த ஆய்வு ஐந்து வருஷம் கழித்து.

மண்ணை அடுத்த வாரத்து மழை ஓடைக்கே திருப்பி எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் மாசம் பிறந்ததும் ஃபஸீலாவைப் பிரசவத்துக்காக ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றப் பயம். நடந்தால் பாதகமில்லை, குலுங்கத்தான் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். அதனால் தளவாய்புரம் வரை நடந்தோம். நான் குடை பிடித்தேன், நிஜாம் பையைத் தூக்கினான். ஒரு பர்லாங்குக்கு ஒரு தடவை உட்காரவைத்து, குழிகளைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிவந்தோம். அவள் முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது. ஆனாலும், "ஒண்ணுமில்ல அத்தா, வாங்க" என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

எதிரே ஆபீஸ் கார் வந்தது. அப்பால் ஏதோ ஊருக்கு ஆய்வுக்குப் போகிறார்களாம். இதற்குள் அதிகாரி திருகு வித்தையைத் தானே கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றில் வைத்திருந்தார். கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவர் கையில் தண்ணீர் அலைகூட அடிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, தம்ளரை ஏந்தியபடியே இறங்கினார்.

நிஜாம் கையைக் கட்டிக்கொண்டு, "சார், தளவாய்புரம் வரைக்கும் இவளை மட்டும் வண்டில விட முடியுமா?" என்று கேட்டான்.

பொன்னுராஜ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ரோடு மோசமா இருந்தா அவசர உதவின்னு ஏத்திக்கலாம் தம்பி, விதியில இடமிருக்கு. இது தகுதியுள்ள ரோடுல்லா? அதுவும் உங்க மாமனாரே கையெழுத்துப் போட்ட ரோடு."

சொல்லிவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்து, முகம் மலர்ந்து, போனை எடுத்துச் சிவபாண்டியிடம் கொடுத்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். ஃபஸீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்சம் சிரிங்க பாய் என்றான் சிவபாண்டி. போட்டோ என்றால் சிரித்துத்தானே ஆக வேண்டும், மூன்று பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் மகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தபோது, அந்தப் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்திருந்தது. கீழே எழுதியிருந்தது: "சாலையின் உயர்ந்த தரத்தின் காரணமாக நத்தக்காட்டில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் குடும்பத்தோடு உற்சாகமாக நடைப்பயிற்சி மேற்கொள்ளும் காட்சி." நூற்றுப் பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். முதல் கைதட்டு நிஜாமுடையது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. நானும் ஒரு கைதட்டைத் தட்டிவிட்டேன்.