தேங்காய்க்காரர் தலைக்குள் பார்த்த நீரோட்டம்

மார்ச் 4, செவ்வாய். 5.40க்கு எழுந்தேன். 6.10க்குக் காபி. 8.15க்கு ராசிபுரத்தில் சேலம் பஸ், இடப்பக்கம் மூன்றாவது இருக்கை. உளவியல் துறை ஆய்வுக்கு வருகிறவர்களை ஸ்கேன் மையத்தில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை.

அன்று வந்தவர், நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் தேங்காய்க்காரர். உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்தால் "இங்க போர் போடுங்க" என்பார். நாமக்கல் ஜில்லாவில் அவருக்குத் தெரியாத நீரோட்டம் கிடையாது. தெரியாதது மனைவியின் மனம் ஒன்றுதான். "உங்க மண்டைக்குள்ள தண்ணிதான் ஓடுது, நானில்ல" என்று சொல்லிவிட்டு அந்தம்மா நாமகிரிப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள். பழகிய முகத்தைப் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்பது எங்கள் ஆய்வு. மெஷினை வைத்தே மனைவியைத் திருப்பி அழைத்து வருவதென்று இவர் அதில் சேர்ந்துவிட்டார்.

முந்தைய சனிக்கிழமை கல்லூரியில், தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பதியும் ஈஈஜி. பெரிய இடத்துக்கு வறண்ட தலையோடு போகலாமா என்று நல்லெண்ணெய் வழிய வந்தார். மின்முனைகள் வழுக்கின. ஆய்வு மாணவி மூன்று முறை ஷாம்பு போடவைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, அவ தெரியறாளா?"

"எப்ப அலை மாறுதுன்னு துல்லியமாச் சொல்லும் ஐயா. மூளைல எந்த எடம்னு சரியாச் சொல்லாது."

"மேல நின்னு போர் ரிக்கு சத்தம் கேக்கற மாதிரிங்களா? அப்ப உள்ள கேமரா எறக்கோணும்."

அதற்குத்தான் செவ்வாயன்று எம்ஆர்ஐ. உள்ளே பெரிய காந்தம். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். தேங்காயை விடவில்லை.

"இதுல இரும்பு எங்கீங்க இருக்குது?"

டெக்னீஷியன் விதிகளை இரண்டு முறை படித்தார். தேங்காய்க்குத் தடையில்லை. கை அசையக்கூடாது என்ற பிறகுதான் அது என் மடிக்கு வந்தது. சாட்சிக்கென்று அவர் வரவழைத்திருந்த அந்தம்மா பக்கத்து நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் மாணவி திரையைக் காட்டினார். "உள்ள காட்டுனதுல இந்தம்மா போட்டோ வந்தப்ப இந்த எடத்துல ரத்த ஓட்டம் கூடியிருக்கு."

தேங்காய்க்காரர் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா அது பாசமா, பயமான்னு படம் சொல்லாதுங்க ஐயா."

ஆயிரம் அடி போட்டும் தண்ணீரில்லாமல் புழுதிப் புகை மட்டும் வந்த போர்வெல் போலானது அவர் முகம்.

அந்தம்மா எழுந்து பையை எடுத்தார். "பயமாத்தான் இருக்கும். இருக்கட்டும், தண்ணியப் பாத்தா பயப்படுவாரு? அப்ப மண்டைக்குள்ள என்னையத்தான நெனச்சிருக்காரு. நடங்க, ஊட்டுக்குப் போலாம்."

பின்னாலேயே ஓடியவர் வாசலில் திரும்பினார். "தேங்காய நீங்களே வெச்சுக்கோங்க சாமி!"

மறுநாளும் 5.40க்கு எழுந்தேன். பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக அந்தத் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி, அடுப்படியில் நின்ற என் மனைவியின் பக்கம் மெதுவாகத் திரும்பினேன்.